ஏலத் தொகையும் எடை மேடையும்: கபடி வீரரை முன்கூட்டிக் கணிக்க முடியுமா?

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூரின் ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலை நிற்கிறது. நம் ஊர்களில் சாலைச் சந்திப்பு என்றால் தலைவர்களுக்கும் புலவர்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம். அந்த இடத்தை ஒரு பகுதி தன் விளையாட்டுக்குக் கொடுத்திருக்கிறது என்றால், அந்த விளையாட்டு அங்கே பொழுதுபோக்கு மட்டுமல்ல என்று பொருள். தறி ஓட்டியவர்களும் கூலி வேலை பார்த்தவர்களும் சாயங்காலம் கோடு போட்டு இறங்கிய விளையாட்டு அது. அவர்களின் பிள்ளைகள் இன்று அதே விளையாட்டில் ஒரு வேலையை, ஒரு கல்லூரி இடத்தை, முடிந்தால் தொலைக்காட்சியில் வரும் ஒரு வாழ்க்கையைத் தேடுகிறார்கள்.

அப்படித் தேடும் பதினான்கு வயதுப் பையனைப் பார்த்து "இவன் பெரிய ஆளா வருவான்" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் இன்னொருவனைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. முதல் பையனுக்கு ஷூ கிடைக்கிறது, விடுதி கிடைக்கிறது, நல்ல செட்டில் இடம் கிடைக்கிறது. இரண்டாமவன் ஒரு வருடம் கழித்து ஏதோ ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். முதலில் சொன்ன அந்தச் சொல் எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை எண்களாலேயே கேட்கிறார்கள். அங்கே பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் மாணவர்களுக்கு, கல்லூரி அணிகள் ஆள் எடுக்கும் முன்பே சில நிறுவனங்கள் இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை தர மதிப்பு வழங்குகின்றன. ஐந்து நட்சத்திரம் வாங்கியவன் பிற்காலத்தில் உண்மையிலேயே சோபித்தானா என்பதைப் பல ஆண்டுப் பட்டியல்களை வைத்துச் சரிபார்க்க முடிகிறது. நம்மிடம் நட்சத்திரம் இல்லை. ஆனால் மதிப்பிடுவது நடக்காமல் இல்லை. உள்ளூர்ப் பயிற்சியாளரின் கண், எடைப் பிரிவுப் போட்டிகளின் கோப்பை, விளையாட்டு விடுதித் தேர்வு, மாநில அணிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் உச்சியில் புரோ கபடி லீக்கின் ஏலத் தொகை என்று அது வெவ்வேறு உருவங்களில் நடக்கிறது. இவற்றுள் ஏலம் ஒன்றுதான் மதிப்பீட்டை எல்லோர் முன்னாலும் ரூபாயில் எழுதி வைக்கிறது. அதனால் மேலிருந்து கீழாக, ஏலத்திலிருந்து தொடங்குவதே வசதி.

2014 மே மாதம் நடந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். பாட்னா பைரேட்ஸ் அவரை 12 லட்சத்து 80 ஆயிரத்துக்கு எடுத்தது. ஒன்பதே ஆண்டுகளில், பத்தாவது பருவத்துக்கான ஏலத்தில், தெலுகு டைட்டன்ஸ் பவன் செராவத்துக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை அப்போது 5 கோடி. அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போயிற்று. இப்படிக் கொடுக்கிறார்கள் என்றால், அவர் எப்படி ஆடுவார் என்று தங்களுக்குத் தெரியும் என்ற உறுதியோடுதானே கொடுக்கிறார்கள்? அந்தப் பருவத்தில் டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் வென்று கடைசி இடத்தில் முடித்தது. பவன் மோசமாக ஆடவில்லை, ரெய்டில் இருநூறு புள்ளிகளைத் தாண்டினார். அணி மட்டும் மூழ்கிவிட்டது.

தமிழ் தலைவாஸின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. 2017இல், ஐந்தாவது பருவத்தில், லீக்கில் சேர்ந்த அணி அது. 2019இல், ஏழாவது பருவத்துக்கு, அன்றைய கபடியின் பெரிய பெயர்கள் பலவற்றை ஒரே அணியில் சேர்த்தது. அஜய் தாக்கூரும் மஞ்சீத் சில்லரும் இருந்தார்கள். 94 லட்சம் கொடுத்து ராகுல் சௌத்ரியை எடுத்தார்கள். தாளில் எழுதிப் பார்த்தால் அந்த அணியை அசைக்க முடியாது. பன்னிரண்டு அணிகள் ஆடிய அந்தப் பருவத்தில் தலைவாஸ் பன்னிரண்டாவதாக வந்தது.

2022இல் அதே அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கியது. அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்கப்படாத தொகை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் பருவம் முழுக்க வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அத்தோடு அணி முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் புதுமுக இளையோர் பட்டியலிலிருந்து வந்த நரேந்தர் கண்டோலா என்ற பையன், பவனுக்கென்று வைத்திருந்த வேலையை எடுத்துக்கொண்டு, அந்த ஒரே பருவத்தில் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். சாகரும் சாகில் குலியாவும் இரண்டு மூலைகளிலும் நின்று பிடித்தார்கள். தலைவாஸ் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அதுவரையிலும் அதற்குப் பின் வந்த மூன்று பருவங்களிலும் பிளே-ஆஃப் சுற்றை எட்டாத அணி, தன் விலையுயர்ந்த வீரர் ஆடாத பருவத்தில்தான் எட்டியது. 2024இல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தது, அந்த ஆண்டு ஏலத்திலேயே அதுதான் பெரிய தொகை. முதல் ஆறு இடங்களுக்குள்கூட வர முடியவில்லை.

இதோடு நிறுத்திவிட்டு "ஏலத் தொகை ஒன்றுக்கும் உதவாது" என்று எழுதிவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது உண்மையாக இருக்காது. ஈரானின் முகமதுரேசா ஷட்லூயியை 2023இல் புனேரி பல்டன் 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது, அந்தப் பருவம் புனே கோப்பையை வென்றது. அடுத்த ஏலத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2 கோடியே 7 லட்சம் கொடுத்தது, ஹரியானாவும் கோப்பையை வென்றது. தொடர்ந்து இரண்டு முறை விலையும் விளைவும் பொருந்தின. மூன்றாவது முறை, 2025இல், குஜராத் ஜெயண்ட்ஸ் அவருக்கு 2 கோடியே 23 லட்சம் கொடுத்தது. குஜராத் முதல் எட்டு இடங்களுக்குள் வரவில்லை. ஆள் அதேதான், விலையும் ஏறக்குறைய அதேதான். சுற்றி நின்ற ஆறு பேர் மாறியிருந்தார்கள்.

விலை பொய்த்துப்போகும் கதைகள் ஒரு பக்கம், விலை பலிக்கும் கதைகள் மறுபக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கதைகளால் இந்தக் கேள்வி தீராது. கேள்வியை இரண்டாகப் பிரித்தால்தான் தெளிவு வரும். உயர்ந்த மதிப்பீடு பெற்ற கூட்டம், தாழ்ந்த மதிப்பீடு பெற்ற கூட்டத்தைவிட சராசரியில் நன்றாக ஆடுகிறதா என்பது ஒரு கேள்வி. இந்த ஒரு ஆளைப் பற்றி அந்த மதிப்பீடு எனக்கு என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு "ஆம்" என்று சொல்ல இடமிருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் "கொஞ்சம்தான்" என்பதே பதில்.

அமெரிக்கக் கால்பந்தில் இது தெளிவாகவே தெரிகிறது. ஐந்து நட்சத்திரம் பெற்றவர்களில் தொழில்முறை லீக்குக்குப் போகிறவர்களின் விகிதம், மூன்று நட்சத்திரக்காரர்களின் விகிதத்தைவிட மிக அதிகம். நட்சத்திரம் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. ஆனால் தொழில்முறை லீக்கில் ஆடுகிறவர்களை எண்ணிப் பார்த்தால், ஐந்து நட்சத்திரக்காரர்கள் சிறுபான்மைதான். புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உச்ச மதிப்பீடு 30 பேருக்கு, அவர்களில் பாதிப் பேர் தேறுகிறார்கள், 15 பேர். நடுத்தர மதிப்பீடு 2000 பேருக்கு, அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரே தேறுகிறார்கள், ஆனாலும் 40 பேர். மதிப்பீடு சரியாகவும் இருக்கிறது, பெரும்பாலான வெற்றியாளர்களைத் தவறவும் விடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஜோஷ் ஆலனுக்குப் பள்ளி முடிக்கும்போது எந்தப் பெரிய கல்லூரியும் இடம் தரவில்லை. ஒரு சிறிய இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து வயோமிங் பல்கலைக்கழகம் போய், 2024 பருவத்தில் தேசிய லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார். அந்த லீக்கின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான டாம் பிராடி, 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் செய்தது. 2013இல் வெளிவந்தது. தேலர் பிற்பாடு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அமெரிக்கத் தொழில்முறை அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும்போது, ஒரே இடத்துக்கு ஆடும் இருவரில் முன்னதாக எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடினாரா என்று அவர்கள் பார்த்தார்கள். முன்னவர் மேல் என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 52 முறைதான் நடந்திருந்தது. ஆண்டு முழுக்க வீடியோ பார்த்து, ஓடவிட்டு, அளந்து, நேர்காணல் நடத்தி, கோடிக்கணக்கில் செலவழித்த பிறகு கிடைத்த தெளிவு, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட இரண்டு படி மேல். முதல் ஆளையும் நூறாவது ஆளையும் அவர்களால் பிரிக்க முடிகிறது. முதல் ஆளையும் அடுத்த ஆளையும் பிரிக்க முடியவில்லை. ஆனால் விலை வித்தியாசம் எல்லாம் அந்த முதல் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நம் ஏலத்திலும் இது அப்படியே நடந்தது. 2018இல், ஆறாவது பருவத்துக்கு, ஹரியானா ஸ்டீலர்ஸ் மோனு கோயத்துக்கு 1 கோடியே 51 லட்சம் கொடுத்தது. அதே ஏலத்தில் யு மும்பா சித்தார்த் தேசாய் என்ற புதியவரை 36 லட்சத்துச் சில்லறைக்கு எடுத்தது. சித்தார்த் இருநூறு ரெய்டு புள்ளிகளைத் தாண்டி மோனுவை விட்டு வெகுதூரம் போய்விட்டார். அதே பருவத்தில் பெங்களூரு புல்ஸ் 52 லட்சத்து 80 ஆயிரத்துக்கு எடுத்த ஒருவர், முந்தைய பருவம் குஜராத்தில் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், 271 ரெய்டு புள்ளிகள் எடுத்து, இறுதி ஆட்டத்தில் மட்டும் 22 புள்ளிகள் எடுத்து, கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவர்தான் பவன் செராவத். டெல்லி எந்தச் சத்தமும் இல்லாமல் புதுமுக இளையோர் வரிசையில் எடுத்த நவீன் குமார் பிறகு தொடர்ந்து இரண்டு பருவங்கள் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார்.

அடுத்த ஏலத்தில் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். சித்தார்த்தின் விலை 1 கோடியே 45 லட்சம் ஆயிற்று. ஏலத் தொகை பெரும்பாலும் நேற்றைய ஆட்டத்துக்கான கூலியே தவிர நாளைய ஆட்டத்தின் கணிப்பு அல்ல. நேற்றைய ஆட்டத்தில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு, அடிபடாமல் தப்பித்தது எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தத்துக்கும் விலை போடுகிறார்கள். மிகச் சிறந்த பருவம் என்பது பெரும்பாலும் எல்லாமே ஒன்றுகூடிய பருவம். அடுத்த முறை அதில் ஏதாவது ஒன்று விலகும். சித்தார்த் ஏழாவது பருவத்திலும் தாக்குப்பிடித்தார், எட்டாவது பருவத்தின் தொடக்கத்திலேயே காயம் பட்டு வெளியேறினார். நரேந்தர் கண்டோலா தன் முதல் பருவத்தின் உயரத்தை அடுத்த இரண்டு பருவங்களில் தொடவில்லை. இதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. அசாதாரணமான ஓர் ஆண்டை வழக்கமான ஆண்டாக நாம் எண்ணிக்கொண்டதுதான் தவறு.

இன்னொரு தவறு கபடிக்கே உரியது. ரெய்டு போகிறவர் தொட்டுவிட்டு வந்தால் புள்ளி அவர் பெயரில் எழுதப்படுகிறது. பிடிபட்டால் அவர் வெளியே உட்கார வேண்டும், தன் அணி அடுத்த புள்ளி எடுத்து உயிர் கொடுக்கும்வரை. அந்த உயிரை யார் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் மூலையில் நின்று கணுக்காலைப் பிடித்தவர், கவரில் நின்று நெஞ்சால் தடுத்தவர். நல்ல பிடிகாரர்கள் உள்ள அணியில் ரெய்டர் அரை நிமிடத்தில் திரும்பி உள்ளே வருகிறார். பிடி இல்லாத அணியில் அதே ரெய்டர் ஐந்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பருவ முடிவில் ஒருவர் பெயரில் 250 புள்ளி, இன்னொருவர் பெயரில் 150 புள்ளி என்று அட்டவணை வரும்போது, அந்த நூறு புள்ளி வித்தியாசத்தில் எத்தனை புள்ளி பிடிகாரர்களுடையது என்று எங்கும் எழுதப்படுவதில்லை. எடுத்த மொத்தப் புள்ளிக்குப் பதிலாக, ஒரு ரெய்டுக்கு எத்தனை புள்ளி, இரண்டு வெறும் ரெய்டுக்குப் பிறகு வரும் செய்-அல்லது-செத்துமடி ரெய்டில் எத்தனை முறை தேறினார், எத்தனை சதவீத ரெய்டுகளில் பிடிபடாமல் திரும்பினார் என்று பார்த்தால் கணிப்பு கொஞ்சம் நேராகும். லீக்கே இந்த எண்களை வெளியிடுகிறது. ஆனாலும் ஏலச் சுத்தியல் மொத்தப் புள்ளிக்குத்தான் விழுகிறது.

பர்தீப் நர்வாலைப் பாருங்கள். லீக் வரலாற்றில் 1800 ரெய்டு புள்ளிகளைத் தாண்டியவர், பாட்னாவுக்குத் தொடர்ந்து மூன்று கோப்பைகள் வந்தபோது அதன் முகமாக இருந்தவர். எட்டாவது பருவத்துக்கு அவரை பாட்னா விட்டுவிட, யு.பி. யோத்தா 1 கோடியே 65 லட்சத்துக்கு எடுத்தது. அவர் இல்லாத பாட்னா, பிடியை நம்பி அணி கட்டி, அந்தப் பருவம் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் பர்தீப்பின் புதிய அணியையே தோற்கடித்தது. பல ஆண்டு கூடவே இருந்து பார்த்த அணி ஓர் ஆளை விடுகிறது, தூரத்திலிருந்து பார்த்த அணி உச்ச விலை கொடுக்கிறது என்றால், யாருக்கு அதிகம் தெரிந்திருக்கும்? பன்னிரண்டு அணிகள் ஒரே ஆளை மதிப்பிடும்போது ஏலத்தை வெல்வது மிகச் சரியாக மதிப்பிட்ட அணி அல்ல, மிக அதிகமாக மதிப்பிட்ட அணி. ஏலம் என்ற முறையே அப்படித்தான். 2025 ஏலத்தில் பர்தீப்பை யாருமே எடுக்கவில்லை. அவர் ஓய்வு அறிவித்தார்.

முழுதாக வளர்ந்த, நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் கேமராவில் பதிவான ஆண்களைப் பற்றிய கணிப்பே இப்படித் தள்ளாடுகிறது. அப்படியானால் பதினான்கு வயதில் செய்யும் கணிப்பு எந்த நிலையில் இருக்கும்?

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களிலும் நடக்கும் கபடிப் போட்டிகளின் சுவரொட்டிகளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது எடை. 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ, பிறகு ஓபன். மாநில, தேசியப் போட்டிகளிலும் வயதோடு எடையும் சேர்ந்த வரம்பு உண்டு. சிறுவர்களை ஆளுக்கேற்ற ஆளோடு மோதவிடும் நல்ல நோக்கம் அது. பதினைந்து வயதில் 50 கிலோ உள்ள பையனை 75 கிலோ ஆளின் தொடைப் பிடியில் தள்ளக்கூடாது. ஆனால் அந்த எடை மேடை ஒரு மதிப்பீட்டுக் கருவியாகவும் ஆகிவிடுகிறது. 55 கிலோ பிரிவில் கோப்பை வாங்குகிறவன் யார்? குட்டையாக, சீக்கிரம் முறுக்கேறிய உடம்போடு, அந்த வரம்புக்குள் அதிகபட்ச வலுவை வைத்திருக்கிறவன். அதே வயதில் ஆறடிக்கு வளரப் போகிறவன் கை கால் நீண்டு, தன் உடம்பைத் தானே கட்டுப்படுத்தத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருப்பான். எடை கூடிக்கொண்டே போவதால் அவன் செட்டுக்கே சுமையாகிவிடுகிறான். சீனியர் ஆண்களுக்கான வரம்பு 85 கிலோ. கபடியின் பெரிய மேடையில் மூலையில் நின்று நீண்ட கையால் கணுக்காலைப் பிடிக்கப்போகிறவன் பெரும்பாலும் அந்த இரண்டாவது பையன். அவனைத்தான் பதினைந்து வயதில் பெஞ்சில் உட்கார வைக்கிறோம். உட்கார வைக்கப்பட்டவன் இருபது வயதுவரை காத்திருப்பதில்லை.

வரம்புக்குள் வருவதற்காகப் பையன்கள் எடை போடும் நாளுக்கு முன் சாப்பாட்டை விடுவதும் தண்ணீரைக்கூடக் குறைப்பதும் எடைப் பிரிவு உள்ள எல்லா விளையாட்டுகளிலும் இருக்கும் கொடுமை. வளரும் உடம்பு அது. ஒரு கோப்பைக்காக அதை வற்றடிப்பதை எந்தப் பயிற்சியாளரும் அனுமதிக்கக்கூடாது என்று இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பிறந்த மாதமும் இதே வேலையைச் செய்கிறது. வயது கணக்கிடும் தேதிக்கு அடுத்த வாரம் பிறந்தவனும், அதே பிரிவில் பதினோரு மாதம் கழித்துப் பிறந்தவனும் ஒரே வயதுக்காரர்களாக இறங்குகிறார்கள். பதின்ம வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய இடைவெளி. 1985இலேயே ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் ஆய்ந்தவர்களும் கனடாவின் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்து, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டினார்கள். முதிர்ச்சியைத் திறமை என்று எடுத்துக்கொண்டதன் விளைவு அது. நம் ஊரில் வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கமும் இதோடு சேரும்போது, கணிப்பு இன்னும் கலங்கிப் போகிறது.

ஜெர்மனியின் ஆர்னே குல்லிக் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, பல நாடுகளிலும் பல விளையாட்டுகளிலும் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 17, 18 வயதில் சர்வதேச அளவில் ஆடியவர்களில் நூற்றுக்கு 89 பேர் பெரியவர்களான பின் அந்த நிலைக்கு வரவில்லை. அதைவிட என்னை உலுக்கியது மறுபக்கக் கணக்கு. பெரியவர்களாகச் சர்வதேச அளவில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு 82 பேர், 17, 18 வயதில் அந்த நிலையில் இருந்திருக்கவே இல்லை. இளையோர் பட்டியலும் பெரியோர் பட்டியலும் ஏறக்குறைய இரண்டு வெவ்வேறு கூட்டங்கள். செல்லூரில் இப்போது 15 வயதில் கோப்பை வாங்கிக்கொண்டிருக்கும் பையனும், இதே பகுதியிலிருந்து பத்து ஆண்டு கழித்துப் பெயர் வாங்கப் போகிறவனும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மண்ணும் ‘மேட்’ என்னும் விரிப்பும் வேறு ஒரு சிக்கல். மண்ணில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவனுக்குக் கால் வழுக்கும் அளவு தெரியும். அதை வைத்தே அவன் உடம்பை வளைக்கக் கற்றிருப்பான். மேட்டில் ஷூ போட்டு இறங்கினால் கால் பிடித்து நிற்கிறது, திருப்பம் கூர்மையாகிறது, முழங்காலுக்கு வரும் சுமை மாறுகிறது. மண்ணில் கெட்டிக்காரனாக இருந்தவன் மேட்டில் முதல் சில மாதங்கள் சாதாரணமாகத் தெரிவான். அந்தச் சில மாதங்களில்தான் தேர்வு நடக்கிறது. அடிக்கடி மேட்டில் ஆடக் கிடைத்தவனுக்கும் எப்போதாவது ஆடியவனுக்கும் தேர்வு நாளில் தெரியும் வித்தியாசத்தைத் திறமை வித்தியாசமாக எழுதிக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் கணிப்பின் பிழைகள். ஆனால் ஒரு குடும்பத்தின் கண்ணில் மதிப்பீடு என்பது கணிப்பு அல்ல, காகிதம். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குக் கேட்பது சான்றிதழ். நாட்டுக்கு ஆடியிருந்தால் ஃபார்ம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் ஃபார்ம் 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடியிருந்தால் ஃபார்ம் 3, தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியிருந்தால் ஃபார்ம் 4. அமெரிக்கப் பையனுக்கு நட்சத்திரம் எப்படியோ, நம் பையனுக்கு ஃபார்ம் அப்படி. இதில் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்க நட்சத்திரம் தவறாக இருந்தால் கல்லூரி மைதானத்தில் அது திருத்தப்படுகிறது. நம் ஃபார்மை எந்த மைதானமும் திருத்துவதில்லை. மாநில அணித் தேர்வில் பன்னிரண்டு பேரில் கடைசி ஆளாக நுழைந்தவனும் பதின்மூன்றாவதாக நின்றுபோனவனும் ஆட்டத்தில் ஏறக்குறைய சமம், மாசியும் தேலரும் காட்டிய அதே 52 சதவீதக் கதைதான். ஆனால் ஒருவனுக்கு அரசு வேலைக்கான கதவு திறக்கிறது, மற்றவனுக்கு மூடுகிறது. மெல்லிய வித்தியாசத்துக்கு இவ்வளவு பெரிய விலை வைக்கும்போது, தேர்வாளரின் ஒரு சிறு தயவோ சிறு வெறுப்போ ஒரு வாழ்க்கையின் திசையை மாற்றிவிடுகிறது.

பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். ஆண்களுக்கு ஏலம் என்ற இரண்டாவது வாய்ப்பாவது உண்டு. பெண்களுக்காக 2016இல் மூன்று அணிகளோடு ஒரு சோதனைத் தொடர் நடத்தினார்கள், ஆண்கள் லீக்கைப் போல அது வேரூன்றவில்லை. சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் துணைத் தலைவராக ஆடினார். அதே போட்டியில் ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ் ஆடித் தங்கம் வென்றார். இருவருக்கும் தமிழ்நாடு அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. கொடுத்தது சரி. ஆனால் குல்லிக்கின் எண்களைப் படித்த யாரும் இந்த இருவர் மேல் "நாளைய இந்திய அணித் தலைவர்" என்ற பட்டத்தை இப்போதே ஏற்றி வைக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேவை நல்ல உணவும், காயத்தைப் பார்க்க ஒரு மருத்துவரும், தோற்றாலும் கைவிடாத நாலைந்து ஆண்டுகளும்.

பழைய முறை இந்த விஷயத்தில் சற்றுக் கருணையோடு இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், 1995க்கான அர்ஜுனா விருது பெற்றவர். மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். சன் பேப்பர் மில் அணியும் பிறகு மின்வாரிய அணியும் அவருக்குச் சம்பளத்தோடு ஆட்டத்தையும் கொடுத்தன. ரயில்வே, மின்வாரியம், காவல்துறை, வங்கி, ஆலை என்று அன்றிருந்த நிறுவன அணிகள் ஓர் ஆளை இருபது வயதில் எடுத்தால் முப்பதுவரை வைத்துப் பார்த்தன. ஒரு பருவம் சரியாகப் போகவில்லை என்றால் ஆளை ஏலத்தில் விடவில்லை. அந்த நீண்ட காலத்தில் தாமதமாகப் பூப்பவர்களும் பூத்தார்கள்.

தஞ்சை மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதனை நினைத்துப் பார்க்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1975இல் பிறந்தவர். லீக் தொடங்கிய 2014இல் அவருக்கு 39 வயது. வயதை ஒரு மதிப்பீடாக வைத்து யாராவது கணித்திருந்தால் அவரை வர்ணனையாளர் அறைக்கு அனுப்பியிருப்பார்கள். 2016இல், 41 வயதில், பாட்னா பைரேட்ஸின் தலைவராக நான்காவது பருவக் கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை வென்று உலகக் கோப்பை வாங்கிய இந்திய அணியிலும் இருந்தார். அவர் செய்தது மூலையில் நின்று காத்திருப்பது, ரெய்டர் காலை எங்கே வைப்பான் என்று ஒரு நொடி முன்னே தெரிந்துகொள்வது. இருபது ஆண்டுகள் ஆடினால் மட்டுமே வரும் அறிவு அது. பதினாறு வயதுத் தேர்வில் அதை அளக்க எந்தக் கருவியும் இல்லை.

எனவே செல்லூர் போன்ற ஒரு பகுதிக்கு இன்னும் கூர்மையான மதிப்பீட்டுக் கருவியைக் கொண்டுவருவதைவிட, மதிப்பீடு செய்யும் தடவைகளைக் கூட்டுவது பயன்படும். மாவட்டக் கபடிக் கழகமும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பள்ளிகளும் சேர்ந்து செய்யக்கூடியவை உண்டு. எடைப் பிரிவோடு உயரப் பிரிவுப் போட்டியையும் சில இடங்களிலாவது நடத்திப் பார்க்கலாம். பதினைந்து வயதில் நிராகரித்தவர்களைப் பதினெட்டில் மீண்டும் கூப்பிட்டுப் பார்க்கலாம். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் தேர்வு வைப்பதற்கு ஒரு மாதம் முன்பே மண் மைதானத்துப் பையன்களுக்கு மேட் கொடுக்கலாம். தேர்வானவர்களின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளாமல், தேர்வாகாதவர்களின் பிறந்த தேதி, உயரம், எடை, ஆடிய இடம், ஒரு ரெய்டுக்கு எடுத்த புள்ளி, வெற்றிகரமான பிடிகள் ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். பத்து ஆண்டு கழித்து அந்த நோட்டைப் பிரித்தால், நம் பயிற்சியாளர்களின் கண் எங்கே நன்றாகப் பார்க்கிறது, எங்கே தவறவிடுகிறது என்பது முதன்முறையாகத் தெரியவரும். அடுத்த பொங்கல் போட்டியின் எடை போடும் நாளிலேயே இதைத் தொடங்கலாம். ஒரு சுவர் அளவுகோலும் ஒரு நோட்டும் போதும்.